பத்துச் சக்கர லாரி போன சந்து

மார்ச் 3

வக்கீலம்மாவுக்கு,

மாமா எழுதுகிறேன். முதலில் ஒரு நாற்காலியைத் தேடி உட்கார்ந்துகொள். நின்றுகொண்டு படித்தால் பெருமை தாங்காமல் விழுந்துவிடுவாய், அப்புறம் உன் நீதிமன்றம் ஒரு நாள் நடக்காது.

நேற்று ஊர் மன்றக் கூடத்தில் சாலை விசாரணை நடந்தது. பழைய ஆலை நிலத்தில் கோல்ஃப் மைதானம் வரப்போவதை உன் அம்மா சொல்லியிருப்பாள். அறுபது ஏக்கர் புல், பதினெட்டுக் குழி, எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு பந்து. அந்தப் பந்தைத் தொலைத்துவிட்டுத் தேடுவதற்குத்தான் அவ்வளவு இடம் என்று நினைக்கிறேன். மைதானம் வருவதில் ஊரில் யாருக்கும் சண்டை இல்லை. அங்கே போகிற வழியில்தான் சண்டை. பெரிய சாலையிலிருந்து ஆலை நிலத்துக்கு இரண்டே வழி. ஒன்று உங்கள் வீட்டை ஒட்டி வளைந்து போகிற நம் சந்து. இன்னொன்று வாய்க்கால் கரை. அது சுற்று வழி, நடுவில் பாலமும் கட்ட வேண்டும். கம்பெனிக்குச் சந்துதான் பிடித்திருக்கிறது.

கூடத்தில் நிற்க இடமில்லை. மளிகைக்கடைக்காரர் எழுந்தார். "ரோடு வந்தாத்தான் ஊரு உருப்படும். இப்போ என் கடைக்கு யாரு வர்றா? ஈயும் எறும்பும்தான்!" பின்வரிசையிலிருந்து சலூன்காரர், "அவங்க பந்து அடிக்கிறதுக்கு நாங்க சுவத்தை இடிச்சுக்கணுமா? நல்லா இருக்கே நியாயம்!" என்றார். ஒரே கூச்சல். விசாரணை அதிகாரி மேசையைத் தட்டி, "இந்தச் சந்துல இதுக்கு முன்னாடி பெரிய வண்டி போனதுக்கு யாராவது சாட்சி இருக்காங்களா?" என்று கேட்டார். 

கம்பெனி மேனேஜர், வெள்ளைத் தொப்பி போட்டவர், திரும்பி என்னைப் பார்த்தார். "டிரைவர் சார், நீங்கதான் சொல்லணும்."

சார்! கேட்டாயா? எழுந்தேன். இருபத்தாறு வருஷத்துக்கு முன் ஆலைக்கு பாய்லர் ஏற்றிய பத்துச் சக்கர லாரியை இந்தச் சந்தில் நான் ஓட்டிப்போன கதையைச் சொன்னேன். இரண்டு பக்கமும் இரண்டு விரல் இடைவெளி. ஒரு கையில் ஸ்டீயரிங், மறு கையில் டீ கிளாஸ். ஒரு சொட்டு சிந்தவில்லை. ஒரு தடவையா? போகும்போது ஒன்று, பின்பக்கமாகவே திரும்பி வரும்போது ஒன்று! அதிகாரி ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார். கூடவே ஓர் ஆவணமும் கொடுத்தேன். அது என்ன என்று இப்போது சொல்ல மாட்டேன், கெஞ்சினால் சொல்வேன்.

நான் பேசி முடித்தபோது மணி பதினொன்று இருபது. தாத்தாவின் கைக்கடிகாரத்தில் பார்த்தேன். உன் அம்மாவுக்கு முன்னறைச் சுவரை நான் கட்டிக் கொடுத்ததற்காக அவளே எனக்குக் கட்டிவிட்ட கடிகாரம்.

உன் அன்பு மாமா,
சாட்சி எண் ஏழு

மார்ச் 9

மாமா,

நான் வக்கீல் இல்லை, நீங்கள் ஊரில் சொல்லிக்கொண்டு திரிவது போல ஜட்ஜும் இல்லை. சாட்சிகள் சொல்வதைத் தட்டச்சு செய்கிறவள். ஒருவர் வாயிலிருந்து விழுந்தது தாளில் ஏறிவிட்டால் அது எப்படிக் கல்லாகிவிடும் என்பதைத் தினமும் பார்க்கிறவள். அதனால்தான் விசாரணைப் பதிவின் நகலை வரவழைத்துப் படித்தேன்.

உங்களுக்கு ஒரு விஷயம் புரிந்ததா என்று தெரியவில்லை. இதற்கு முன் பெரிய வண்டிகள் போகாத சந்து என்றால், அங்கே குடியிருப்பவர்கள் சம்மதம் இல்லாமல் அதை அகலப்படுத்த முடியாது. ஏற்கெனவே லாரி போய்வந்த வழி என்றால் யாரையும் கேட்க வேண்டியதில்லை, அளந்து எடுத்துக்கொள்ளலாம். அதற்குத்தான் அந்தத் தொப்பிக்காரர் உங்களை சார் என்றார். வரைபடத்தைப் பார்த்தேன். வளைவில் நம் வீட்டில் எட்டு அடி போகிறது. அதாவது முன்னறை. அம்மாவின் தையல் மெஷின், வெட்டு மேசை, பள்ளிக்கூடச் சீருடைகள் தொங்குகிற கம்பி எல்லாம் இருக்கிற அறை. அது போனால் அம்மாவுக்கு மிச்சம் சமையலறையும் ஒரு கட்டிலும்தான்.

இன்று அம்மாவிடம் பேசினேன். உங்களைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். என்ன சொன்னாள் தெரியுமா? "அவன் என்னடி பண்ணுவான்? கேட்டாங்க, நடந்ததைச் சொன்னான். என் தம்பி எனக்குச் சுவர் கட்டிக் குடுத்தவன், எனக்குக் கெடுதல் நினைப்பானா?" துணிகளை மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டாளாம்.

எனக்குப் போன் செய்யாதீர்கள், எடுக்க மாட்டேன். போனில் நீங்கள் இரண்டு வார்த்தை பேசினால் நான் சிரித்துவிடுவேன், நீங்கள் நழுவிவிடுவீர்கள். எழுதுங்கள்.

ஆட்சேபம் சொல்ல ஏப்ரல் 16 கடைசி. அன்று கூடத்தில் மறுபடி விசாரணை.

மார்ச் 14

என் கோபக்கார மருமகளுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கண்ணாடி இல்லாமல், அதனால் அது கணக்கில் சேராது.

நான் என்ன கண்டேன், சொல்? சட்டம் படித்தவனா நான்? எட்டாம் வகுப்பில் கணக்கு வாத்தியாருக்கே கணக்குச் சொல்லிக் கொடுத்ததால் அவர் கோபப்பட்டு வெளியே அனுப்பினார், அதோடு என் படிப்பு நின்றது. என்னைப் பார்த்து ஒருவர் சார் என்றதும் வாய் தானாகத் திறந்துகொண்டது. நீயும் ஊரை நினைத்துப்பார். மளிகைக்கடைக்காரர் மகன் மூன்று வருஷமாக வேலை இல்லாமல் வாசலில் நின்று போகிற வண்டியின் நம்பரைப் படித்துக்கொண்டிருக்கிறான். மைதானத்தில் அவனுக்குப் புல் வெட்டுகிற வேலையாவது கிடைக்கும் என்கிறார்கள். அதுவும் நியாயம்தானே? எட்டு அடிக்கு நஷ்ட ஈடும் உண்டு. மேனேஜரிடம் நான் ஒரு வார்த்தை சொன்னால் உன் அம்மாவுக்கு மாடியே கட்டித் தருவார். அவர் என்னைக் கேட்காமல் தொப்பியைக்கூடக் கழற்றுவதில்லை.

இதைச் சொன்னால் உனக்குக் கோபம் தணியும். அன்று நான் கொடுத்த ஆவணம் எது தெரியுமா? ஆறாம் வகுப்பில் நீ எழுதிய 'என் மாமாவின் லாரி' கட்டுரை! உன் பள்ளி ஆண்டு மலரில் முதல் பரிசோடு அச்சான பக்கம். இத்தனை வருஷமாக லேமினேட் செய்து பீரோவில் வைத்திருந்தேன். அதிகாரி படித்துவிட்டு, "சின்னப் பொண்ணு கண்ணால பார்த்ததை அப்படியே எழுதியிருக்கு" என்று பாராட்டி, முத்திரை குத்தி, இணைப்பு நான்கு என்று சேர்த்துக்கொண்டார். உன் எழுத்துக்கு அரசாங்க முத்திரை! மாமா மாதிரி யார் உனக்குச் செய்வார்கள்?

நேற்று உன் அம்மாவைப் பார்க்கப் போனேன். எனக்குப் பிடிக்குமே என்று கெட்டியாகப் பால் விட்டு டீ போட்டாள். "நீ மனசைப் போட்டு அலட்டிக்காதடா" என்றாள். டீ ஏனோ இறங்கவில்லை. பால் கெட்டிருக்கலாம்.

மாமா

மார்ச் 19

மாமா,

இணைப்பு நான்கை நகலில் புரட்டாமல் விட்டிருந்தேன். உங்கள் கடிதம் வந்ததும் எடுத்துப் படித்தேன். அலுவலகத்தில் எல்லோரும் சாப்பிடப் போன நேரம். நல்லவேளை, யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பக்கச் சுவரும் என் கைக்கு எட்டின. மாமா டீ குடித்தபடி ஓட்டினார். ஒரு சொட்டும் சிந்தவில்லை."

நான் உட்காரவே இல்லை மாமா. லாரி வந்த சமயம் எனக்கு ஏழு வயது. அப்பாவுக்கு வயிற்றில் ஆபரேஷன். நானும் அம்மாவும் நகரத்து ஆஸ்பத்திரி வராந்தாவில் பத்து நாள் கிடந்தோம். லாரியை நான் பார்த்ததுகூட இல்லை. பிற்பாடு நீங்கள் சொன்னதை எழுதினேன். சொன்னதை அப்படியே எழுதினால் பரிசு கிடைக்காது என்று தோன்றியது, அதனால் என்னையும் ஏற்றி உட்கார வைத்துக்கொண்டேன். பரிசு கிடைத்தது. அம்மாவின் முன்னறையை எடுத்துக்கொள்ள அவர்கள் காட்டுகிற ஆதாரம் இரண்டே. ஒன்று உங்கள் வாய், ஒன்று என் பேனா.

உங்களைத் திட்டி எழுதிய கை இப்போது கொஞ்சம் கூசுகிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த லாரி சந்தைக் கடந்து ஆலைக்குப் போனதா, இல்லையா? ஒரே வரியில் பதில் போதும். டீ கிளாஸ் வேண்டாம்.

மார்ச் 22

மருமகளுக்கு,

இங்கே வெயில் கடுமை. எனக்கு இடது முழங்கால் வலி, டாக்டரே அசந்துபோகும் அளவுக்கு வலி. சலூன்காரர் என்னோடு பேசுவதில்லை, ஆனால் முடி மட்டும் வெட்டினார், அதுவும் ஒரு பக்கம் குட்டையாக. நீ கேட்டது பெரிய விஷயம். பெரிய விஷயத்தை ஒரு வரியில் சொல்லக் கூடாது.

மாமா

மார்ச் 26

மாமா,

பதில் கிடைத்துவிட்டது.

இதோடு ஒரு நகல் வைத்திருக்கிறேன். விசாரணை அதிகாரிக்கு நான் அனுப்பியது. "இணைப்பு நான்கில் உள்ள கட்டுரையை எழுதியவள் நான். அதில் சொல்லப்பட்ட எதையும் நான் நேரில் பார்க்கவில்லை. பரிசுக்காக எழுதினேன்." மூன்று வாக்கியம். எத்தனையோ பேருடைய வாக்குமூலத்தைத் தட்டியிருக்கிறேன், இது மாதிரி விரல் நின்று நின்று போனதில்லை. கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்த்துவிட்டு வந்து தண்ணீர் குடித்தேன்.

ஆனால் இது போதாது. நான் பார்க்கவில்லை என்றுதான் என்னால் சொல்ல முடியும். நடக்கவில்லை என்று சொல்ல ஒரே ஒருவரால்தான் முடியும்.

ஏப்ரல் 1

மருமகளே,

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். ஒவ்வொரு தடவையும் எப்படியோ டீ கிளாஸ் உள்ளே வந்துவிடுகிறது. இது ஐந்தாவது.

நான் டிரைவர் இல்லை. கிளீனர். பெரிய வண்டி ஓட்ட எனக்கு லைசென்ஸ் கிடையாது, அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. அந்த லாரியின் டிரைவர் ஒல்லியான மனிதர், அதிகம் பேச மாட்டார், என்னைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார். பாய்லர் ஏற்றி வந்தோம். சந்து முனையில் வண்டியை நிறுத்திவிட்டு, "வாய்க்கால் கரையிலயே போயிடலாம், தம்பி. உள்ள வளைவு இருக்குன்றாங்க" என்றார். அப்போது சந்தில் உங்கள் வீடு ஒன்றுதான், எதிரே பூட்டிக் கிடந்த கிடங்கு. நான் சொன்னேன்: "என் அக்கா வீட்டுச் சந்து, எனக்குத் தெரியாதா? ரெண்டு யானை ஜோடியாப் போகும்."

"வளைவை அளந்தியா?"

"அளந்தாச்சுண்ணே."

அளக்கவில்லை. என் ஊரில், என் அக்கா வீட்டு வாசலில், என் விரல் அசைவுக்குப் பத்துச் சக்கரம் உருள வேண்டும் என்று ஆசை. பின்னால் நின்று, "போலாம், போலாம், இன்னும் போலாம்" என்று கையை ஆட்டினேன். வளைவில் முன்பக்கம் திரும்பியது. பின்பக்கம் திரும்பவில்லை. உங்கள் முன்னறைச் சுவர் பத்து அடி நீளத்துக்கு உள்ளே சரிந்தது. மெஷின் மேல் செங்கல் விழுந்தது. நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள். வீட்டுச் சாவி என் இடுப்பில் இருந்தது.

லாரியைப் பின்னால் எடுத்து, கடைசியில் வாய்க்கால் கரை வழியாகத்தான் பாய்லர் போனது. தண்ணீர் இல்லாத இடத்தில் மரக்கட்டை பரப்பி, இரண்டு டிராக்டர் கட்டி இழுத்தார்கள். லாரி முதலாளி விசாரித்தபோது டிரைவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "நான்தான் பார்க்காம திருப்பிட்டேன்" என்று அவர் சொன்னார். அவருக்கு வேலை போனது. அதற்கப்புறம் எந்த வண்டியில் போனார், என்ன ஆனார், நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் தெரிந்துவிடுமே.

ஒரு கொத்தனாரைப் பிடித்துச் சுவரை எழுப்பினேன். அதாவது அவர் எழுப்பினார், நான் கல் எடுத்துக் கொடுத்தேன். நாலு நாள். சுண்ணாம்பு ஈரம் காய்வதற்குள் நீங்கள் வந்துவிட்டீர்கள். உன் அப்பாவைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டு உன் அம்மா உள்ளே வந்து பார்த்தாள். "என்னடா, சுவர் புதுசா இருக்கு?" என்றாள். மழையில் ஊறிப்போயிருந்தது அக்கா, அத்தான் வரும்போது ஈரம் ஆகாதே என்று ஒரே நாளில் இடித்துக் கட்டிவிட்டேன் என்றேன். அந்தக் காலத்தில் வாயில் எது முதலில் வருகிறதோ அதுதான் நிஜம் எனக்கு. அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். "என் கஷ்டத்துல யாரும் எட்டிப் பார்க்கல, நீ சுவரே கட்டி வெச்சிருக்க" என்று சொல்லி, பெட்டியிலிருந்து தாத்தா கடிகாரத்தை எடுத்து என் கையில் கட்டினாள். கையை இழுத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. இழுக்கவில்லை.

மெஷினில் ஒரு பக்கம் நசுங்கியிருந்ததை, ஆலைக்கார லாரி போன அதிர்ச்சியில் பலகை விழுந்தது என்றேன். லாரி போனது என்று ஆரம்பித்தது அப்படித்தான். அப்புறம் அதை ஓட்டியவனும் நானானேன். அந்த மனிதரின் வேலையையும் எடுத்தேன், பேரையும் எடுத்துக்கொண்டேன்.

பதினாறாம் தேதி இதைப் போய்ச் சொன்னால் அறை தப்பும். எனக்குத் தெரியும். ஊர் சிரிக்கும், சிரிக்கட்டும். ஆனால் உன் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாள். சுவர் விஷயம் அவள் காதில் விழாமல் லாரி விஷயத்தை எப்படிச் சொல்வது என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். வழியே இல்லை, அந்த வளைவு மாதிரியே.

மாமா

ஏப்ரல் 6

மாமா,

உங்கள் கடிதத்தை அலுவலகப் பைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். கோபம் வருகிறது. அந்த டிரைவரை நினைத்தால் இன்னும் வருகிறது. அப்புறம், "டீ கிளாஸ் உள்ளே வந்துவிடுகிறது" என்ற இடத்துக்கு வந்தால் சிரிப்பு வருகிறது, சிரித்ததற்காக என் மேலேயே கோபம் வருகிறது.

கூடத்தில் வைத்து அம்மா இதைக் கேட்கக் கூடாது. அதற்கு முன் வீட்டில் நீங்களே சொல்லுங்கள். நான் சொல்லட்டுமா என்று ஒரு கணம் நினைத்தேன். மாட்டேன். நான் சொன்னால் அது உங்களைப் பற்றிய புகார் ஆகிவிடும். நீங்கள் சொன்னால்தான் அது நீங்கள் சொன்னது.

இன்னொன்று. இருபத்தாறு வருஷம் ஒரு மாதிரி சொன்னவர் திடீரென்று வேறு மாதிரி சொன்னால் அதிகாரி நம்ப மாட்டார். தினமும் பார்க்கிறேன். கையில் ஏதாவது இருக்கிறதா?

ஏப்ரல் 18

மருமகளே,

கையில் எதுவும் இல்லை, சுவரில் இருந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பதினான்காம் தேதி உன் அம்மாவிடம் போனேன். சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன், உட்கார்ந்தால் கதை சொல்கிற தோரணை வந்துவிடும் என்று பயம். ஆரம்பத்திலிருந்து கடைசிவரை சொன்னேன். மெஷின் நிற்கவே இல்லை. காலர் முடிந்தது, அடுத்த காலரை எடுத்தாள். நான் பேசி முடித்த பிறகு நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே கேட்டாள்: "அந்த டிரைவருக்குக் குழந்தை குட்டி இருந்துச்சா?"

"தெரியாதுக்கா."

அப்போதுதான் மெஷின் நின்றது.

"வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் இந்தச் சுவத்தைத் தட்டித் தட்டிக் காட்டினேன். நீ பக்கத்துல நின்னு சிரிச்சியேடா" என்றாள். கடிகாரத்தைக் கழற்றி மெஷின் பலகை மேல் வைத்தேன். அவள் அதைப் பார்க்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. வெளியே வந்தேன்.

பதினாறாம் தேதி கூடம் முன்னைவிட நிறைந்திருந்தது. உன் அம்மா வந்திருந்தாள், முன்வரிசையில் இல்லை, தூணுக்குப் பக்கத்தில். அதிகாரி உன் மூன்று வாக்கியத்தைப் படித்தார். மேனேஜர், "சின்ன வயசுல எழுதினது, மறந்திருப்பாங்க" என்றார். நான் எழுந்து, "மறக்கலைங்க. நானும் பொய்தான் சொன்னேன்" என்றேன். நடந்ததைச் சொன்னேன். கூட்டத்தில் யாரோ, "இதுதான் அவர் சொன்னதுலயே பெரிய டூப்பு!" என்றதும் கூடம் குலுங்கிச் சிரித்தது. முதல் தடவையாக நிஜம் சொல்கிறேன், ஒருத்தரும் நம்பவில்லை. அதிகாரியும் பேனாவை மூடிவிட்டார். "பெரியவரே, ரோடு வேண்டாம்ங்கறவங்க ஏதாவது சொல்லிக் குடுத்தாங்களா?" என்று கேட்டார்.

நான் சொன்னேன்: "அந்தச் சுவத்துல ஜன்னலுக்குக் கீழ, தரையிலிருந்து மூணு அடி உயரத்துல பூச்சைக் கொத்திப் பாருங்க. கொத்தனார் அவசரத்துல இடிஞ்ச குப்பையையும் சேர்த்தே உள்ள போட்டார். லாரியோட பின்விளக்குக் கண்ணாடி அதுல இருக்கும். சிவப்பு."

மேனேஜர் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை, உன் அம்மாவைப் பார்த்தார், வீடு அவளுடையது அல்லவா? சரி என்று தலையசைத்தாள். ஊரே சந்துக்கு வந்தது. சலூன்காரர்தான் உளி கொண்டுவந்தார். நான் காட்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. மருமகளே, அந்த நிமிஷத்தில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, இதையும் நானே புனைந்துவிட்டேனோ என்று. "அரை அடி தள்ளிக் கொத்துங்க" என்று ஒரு குரல். உன் அம்மா. "அங்கதான் எப்பவும் பூச்சு உப்பிக்கிட்டே இருக்கும். நான் காலண்டர் மாட்டி மறைச்சிருக்கேன்."

இரண்டு விரல் அகலத்துக்குச் சிவப்புக் கண்ணாடி. கூடவே பித்தளைத் திருகு ஒன்று.

அதிகாரி வளைவை டேப் வைத்து அளந்தார். ஒன்பது அடி நாலு அங்குலம், பத்துச் சக்கர வண்டி திரும்பவே முடியாது. இருபத்தாறு வருஷம் கழித்து அந்த வளைவு அளக்கப்பட்டது. சாட்சி ஏழும் இணைப்பு நான்கும் நீக்கம், சந்தில் யாருடைய சம்மதமும் இல்லாமல் கை வைக்க முடியாது, வாய்க்கால் கரை வழியைக் கம்பெனி பரிசீலிக்கட்டும் என்று அங்கேயே எழுதினார். அறை தப்பியது. மளிகைக்கடைக்காரர் என் முகத்தில் விழிப்பதில்லை, அவர் மகனை நினைத்தால் எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஊர் என்னை இப்போது 'கிளீனர்' என்கிறது. திரும்பிப் பார்க்கிறேன்.

லாரி ஆபீஸுக்கு எழுதி அந்த டிரைவரின் முகவரி கேட்டிருக்கிறேன். கிடைக்குமா தெரியாது. கிடைத்தாலும் என்ன எழுதுவேன் என்றும் தெரியாது.

இன்று காலை உன் அம்மா என் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. "சுவத்துல ஓட்டை இருக்கு. எப்போ வந்து பூசப் போற? ஒரே நாள்ல கட்டினவன்தானே நீ?"

வாய் திறந்தது. அரை மணி நேர வேலை அக்கா என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

"எனக்குப் பூசத் தெரியாதுக்கா. கொத்தனாரைக் கூட்டிட்டு வரேன். நான் கலவை எடுத்துக் குடுக்கிறேன்."

"நாளைக்கு ஒன்பது மணிக்கு வா. லேட் பண்ணாத" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கடிகாரம் அவள் மெஷின் மேலேயே இருக்கிறது. மணி தெரியாததால் நாளைக்கு நான் எட்டு மணிக்கே போய் வெளியே நின்றுகொள்ளலாம் என்று இருக்கிறேன்.

மாமா